லேப்டாப்பில் சில கீகள் வேலை செய்யவில்லை, வாரண்டியில் கீபோர்டு மாற்றித் தருவார்களா?

வாங்கி எட்டு மாதம், கடலூரில் இருக்கிறேன், நான்கைந்து கீகள் மட்டும் செத்துவிட்டன என்கிறீர்கள். டீ, தண்ணீர் எதுவும் கொட்டவில்லை என்றால் பொதுவாக மாற்றித் தருவார்கள்.

முதலில் ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அதில் அதே எழுத்துகள் ஒழுங்காக விழுந்தால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப் கீபோர்டில்தான், விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் பயாஸ் (BIOS) அமைப்புத் திரையிலும் அந்தக் கீ வேலை செய்யவில்லை என்றால் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. இதை வீடியோ எடுத்து வையுங்கள். நான் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி சர்வீஸ் சென்டருக்குப் போனால், பாழாய்ப்போன கீகள் அங்கே மட்டும் சமத்தாக வேலை செய்தன, "பிரச்சினை இல்லையே சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை வீடியோவைக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள்.

பல மாடல்களில் கீபோர்டு மேல்மூடியோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கும், மொத்தமாக மாற்றுவார்கள், பாகம் வரச் சில நாள் ஆகலாம். அதனால் பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுங்கள், பில்லையும் மறக்காதீர்கள். அதற்குள் பக்கத்துக் கடையில் திறக்க மட்டும் விடாதீர்கள், அதையே சாக்காகச் சொல்வார்கள்.

"உள்ளே ஈரம்" என்று மறுத்தால் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். நம் ஊர் உப்புக்காற்றிலும் துரு பிடிக்கும், அதைக் கொட்டிய தண்ணீர்க் கணக்கில் எழுதிவிடப் போகிறார்கள். அப்புறமும் இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் புகார் கொடுங்கள்.