கடல் கேள்வி–பதில்: கரை தெரியும் நாள்

கேள்வி: என் பெறாமகன் கனடாவில் இருக்கிறான். வருகிற மே மாதம் நண்பர்களோடு நாற்பது அடிப் பாய்ப்படகில் பெர்மியூடாவிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குப் போகிறானாம். 1938இல் எங்கள் ஊர்ப் பாய்க்கப்பல் அன்னபூரணி கடந்த அட்லாண்டிக் என்பதால் ஊரிலும் இதே பேச்சுத்தான். நடுக்கடலை நினைத்தால் பயம் என்றேன். கரைக்குத்தான் பயப்பட வேண்டும் என்கிறான். எது சரி?
– ஒரு வாசகி, வல்வெட்டித்துறை

பதில்: பெறாமகன் சொல்வதுதான் சரி. அசோர்ஸின் ஃபயால் தீவிலுள்ள ஓர்த்தா துறைமுகம் வரை ஏறக்குறைய 1800 கடல்மைல். மணிக்கு 5 கடல்மைல் ஓடினால் 15 நாள். நடுக்கடலில் முட்டுவதற்குக் கல் இல்லை. கல்லும் அலைதாங்கியும் பக்கத்தில் வருவது கடைசி நாளில், அதுவும் ஆட்கள் நித்திரையில்லாமல் களைத்திருக்கும் நேரத்தில்.

முதலில் எஞ்சின். அசோர்ஸ் பக்கம் உயர் காற்றமுக்கம் நிற்கும். அதன் நடுவில் அகப்பட்டால் காற்று விழுந்துவிடும். அப்போது டீசலில்தான் ஓட வேண்டும். டீசல் தாங்கி வற்ற வற்ற, இரண்டு கிழமை ஆட்டத்தில் கலங்கிய அடிமண்டி வடிகட்டியில் ஏறி அடைக்கும். எஞ்சின் துறைமுக வாயிலில் நிற்பது இதனால்தான். ஆகவே 20 கடல்மைல் இருக்கும்போதே வடிகட்டியை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முன் கியர் மட்டும் போதாது, பின் கியரும் போட்டுப் பார்க்க வேண்டும். படகைத் துறையில் கட்டும் வரை பாயை உறைபோட்டு மூடக் கூடாது; எஞ்சின் நின்றால் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்தது நங்கூரம். கடலில் ஆடியபடி வந்த சங்கிலி அறைக்குள் குவியலாகச் சரிந்து, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் புகுந்து கிடக்கும். நங்கூரம் போடும் நேரத்தில் இரண்டு மீற்றர் இறங்கி இறுகிவிடும். காலையிலேயே சில மீற்றர் வெளியே இழுத்துக் குலைத்து அடுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஆழம் 6 மீற்றர், நீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 1 மீற்றர் என்றால், கூட்டி ஐந்தால் பெருக்கி 35 மீற்றர் சங்கிலி விட வேண்டும்.

நம் கரையில் பனை முடி தெரிய, பத்துப் பன்னிரண்டு கடல்மைலுக்குள் வர வேண்டும். அங்கே ஃபயாலுக்குப் பக்கத்துத் தீவான பிக்கோவில் உள்ள 2351 மீற்றர் பிக்கோ மலை, கணக்குப்படி நூறு கடல்மைலிலேயே தெரிய வேண்டும். ஆனால் பெரும்பாலும் முகிலும் புகாரும் மூடிவிடும். மலை தெரியவில்லையே என்று ஜி.பி.எஸ்ஸைச் சந்தேகிக்கவும் வேண்டாம். தெரிந்துவிட்டது, கிட்டத்தான் என்று அவசரப்படவும் வேண்டாம். பிக்கோவுக்கும் ஃபயாலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீரிணையில் காற்று நெருக்குண்டு திடீரென வலுக்கும். அதற்கு முன்பே பாயைச் சுருக்குவது நல்லது.

பழக்கமில்லாத துறைமுகத்துக்குள் இருட்டில் போகவே கூடாது என்பேன். பெரும்பாயைச் சுருக்கி, முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்து, படகு காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானைக் கட்டினால் படகு மெல்ல ஒதுங்கியபடி நிற்கும். ஆள் மாறி ஆள் காவலிருந்து, விடியும் வரை வெளியே கிடக்கலாம்.

துறைமுகத்தை நெருங்கியதும் மஞ்சள் கொடி ஏற்றி, வி.எச்.எஃப் வானொலியின் 10ஆம் அலைவரிசையில் கூப்பிட்டு, வந்த படகுகளைப் பதியும் வரவேற்புப் படகுத்துறையில் கட்ட வேண்டும். பதிவு முடியும் வரை தண்டயல் (படகின் தலைவர்) மட்டும் இறங்கலாம். முடிந்தபின் மஞ்சள் கொடியை இறக்கிப் போர்த்துக்கல் கொடியை ஏற்றுவது வழக்கம். மே, யூனில் படகு நெரிசல். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கட்டுவார்கள். ரப்பர் மிதவைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட வேண்டும்.

கோடையில் அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. அவன் சொன்ன நாளுக்கு மூன்று நான்கு நாள் பிந்தினாலும் கலங்காதீர்கள், காற்று விழுந்தால் அப்படித்தான்.

கேள்வி: இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் இப்படிப் போனால் விசா வேண்டுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: வேண்டும். அசோர்ஸ் போர்த்துக்கலுக்கு உரியது. புறப்படும் முன்பே ஷெங்கன் விசா எடுத்திருக்க வேண்டும். கனேடியக் கடவுச்சீட்டு என்றால் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் தங்கலாம்.