பள்ளிகளில் நேர்மறை நடத்தை ஆதரவுத் திட்டத்தைப் பயன்தரும்படி நடத்துவது எப்படி?

பல்லடம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருசமாக வேலை பார்க்கிறேன். திட்டுவதற்கும் அடிப்பதற்கும் பதிலாக நல்ல நடத்தையைச் சொல்லிக் கொடுத்துப் பழக்குகிற இந்தத் திட்டத்தை ஒருமுறை சொதப்பினோம், மறுமுறை ஓரளவு உருப்படியாகச் செய்தோம். சொதப்பியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருசம் சுவரில் ஸ்டார் சார்ட் ஒட்டினோம். பத்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு பேனா. ஆகஸ்ட் முடிவதற்குள் முன் பெஞ்சுப் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று பேனா வாங்கிவிட்டார்கள். யாருக்காகச் சார்ட் ஒட்டினோமோ, அந்த நாலைந்து பேரின் பெயருக்கு நேரே வெள்ளைக் காகிதம்தான். அதில் ஒருவன் ஒருநாள் யாரோ வாங்கிய ஸ்டாரைப் பிய்த்து நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்டு பிரேயருக்கு வந்து நின்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெச்.எம்.முக்கு வரவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. 1998-இல் அங்கே இதற்கென்று ஒரு தேசிய மையமே வந்தது. மூன்று அடுக்கு. பள்ளி முழுவதற்கும் பொதுவான சில நடைமுறைகளைச் சொல்லிக் கொடுப்பது முதல் அடுக்கு. சுமார் 80 சதவீதப் பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு 15 சதவீதம் பேருக்குக் கூடுதல் கவனிப்பு, மிச்சமுள்ள 5 சதவீதத்துக்குத் தனித்தனித் திட்டம். பரிசு கொடுப்பது இதில் ஒரு சின்ன ஓரம்தான். சொல்லிக் கொடுப்பதுதான் பெரிய வேலை. வகுத்தலைச் சொல்லித் தருகிற நாம் வரிசையில் நிற்பதை மட்டும் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அடுத்த வருசம் சார்ட்டைக் கிழித்துப்போட்டு, ஆசிரியர் அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம். சண்டையோ வம்போ எது நடந்தாலும் ஐந்து விசயம் மட்டும் எழுத வேண்டும்: மணி என்ன, எந்த இடம், என்ன நடந்தது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, முடிவில் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது. ‘திமிர்’, ‘வளர்ப்பு சரியில்லை’ என்றெல்லாம் எழுதக் கூடாது. எழுதிப் பழகிய எங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே இடம், ஒரே நேரம். சத்துணவு முடிந்ததும் குழாயடி. நாலு குழாய், அதில் ஒன்றில் தண்ணீர் வராது, நூற்று நாற்பது தட்டு. பிள்ளைகளைத் திட்டி என்ன பிரயோசனம்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சை எடுத்தோம். பிளம்பர் வேலை பார்க்கும் ஒரு அப்பா மறுநாளே வந்து குழாயைச் சரிசெய்து கொடுத்தார். வகுப்புவாரியாக ஐந்தைந்து நிமிசம் விட்டு அனுப்பினோம். தரையில் சுண்ணாம்பில் கோடு போட்டு, ஒவ்வொரு வகுப்பையும் குழாயடிக்கே கூட்டிப்போய், காலித் தட்டோடு நிற்க வைத்து ஒத்திகை பார்த்தோம். “கை நம்ம தட்டு மேல இருக்கோணும், அடுத்தவன் முதுகு மேல இல்ல.” மூன்று நாள். பொங்கல் லீவு முடிந்து வந்ததும் மறுபடி ஒருநாள். குழாயடிச் சண்டை மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது.

எல்லாம் இப்படிக் குழாய் மாற்றித் தீராது. ஏழாவதில் ஒரு பையன் தினமும் யாரையாவது அடிப்பான், வெளியே போய் நில் என்போம். நோட்டைப் புரட்டினால் எல்லாமே கணக்குப் பீரியட், அதுவும் போர்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிற நேரம். வெளியே வேப்ப மரத்து நிழலில் அவன் நிம்மதியாக நின்றிருக்கிறான். நாங்கள் தண்டனை என்று நினைத்தது அவனுக்குக் கிடைத்த கூலி! அவனுக்கு வகுத்தலே வராது என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. காலையில் வந்ததும் என்னிடம் இரண்டு நிமிசம், சாயங்காலம் போகும்போது இரண்டு நிமிசம் பேசிவிட்டுப் போக வேண்டும் என்று வைத்தோம். கணக்கு டீச்சர் திடீரென்று போர்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தி, எந்தக் கணக்கு என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார். வகுத்தல் தனியாக நடந்தது. அடிப்பது அடியோடு நிற்கவில்லை, தினமும் என்பது வாரத்துக்கு ஒன்றானது. எனக்கு அதுவே பெரிசு.

பிள்ளைகளைவிடப் பெரியவர்களைத்தான் ஒரு வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. ஒரு டீச்சர் வரிசை என்பார், இன்னொருவர் கண்டுகொள்ள மாட்டார். பிள்ளைகள் ஒரே வாரத்தில் ஆளை அளந்துவிடுவார்கள். பிரம்பு இல்லாமல் முடியாது என்று ஒருவர் கடைசிவரை வாதாடினார். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்று காட்டியபின் பிரம்பு பீரோவுக்குள் போனது. வாய் போகவில்லை.

பாராட்டும்போது ‘வெரி குட்’டோடு விட்டுவிடாதீர்கள். “சின்னவனுக்கு வழி விட்டியே கண்ணு, பாத்தேன்” என்றால்தான் எதற்கு என்று தெரியும். வீட்டுக்கும் நல்ல சேதி சொல்ல ஒரு போன் போடுங்கள். தறிக்குடோன் சத்தத்துக்கு நடுவே அந்த ஏழாவது பையனின் அம்மா எடுத்ததுமே கேட்டது: “என்ன பண்ணிப்போட்டானுங் டீச்சர்?” ஒன்றுமில்லை, இன்றைக்குப் போர்டில் கணக்குப் போட்டான் என்றேன். கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள், ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரம் நல்ல நேரம். விட்டுப்போனால் அரையாண்டு லீவு முடிந்து வருகிற நாள். இந்த ஜூனில் எங்களுக்கு டிரான்ஸ்ஃபரில் மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்களையும் குழாயடிக்குக் கூட்டிப்போனோம்.