குளிசை போடுகிறவர் நடக்கவும் வேண்டுமா?

சீனி வருத்தத்துக்கு ஒழுங்காகக் குளிசை போடுகிறவருக்கு நடை வேறு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார். மட்டக்களப்பு கல்லடியில் வீடு, பதினொரு வருசமாகக் கிளினிக். "நாள் முழுக்க வீட்டுவேலை செய்றன், அது காணாதா மனே?" என்பார்.

போன வருசம் வீட்டிலேயே சீனி பார்க்கிற குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கினோம். ஓர் இரவு சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு ரிவி முன்னால் உட்கார்ந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சீனி 241 mg/dL. மறுநாளும் அதே கறி, அதே அளவு சோறு. சாப்பிட்ட கையோடு பழைய கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப் போனேன். பெரிய வாகனங்கள் புதுப் பாலத்தில் போவதால் அங்கே பயமில்லாமல் நடக்கலாம், வாவிக் காற்றும் வரும். இருபது நிமிடம், மெதுவாகத்தான். அன்று 187.

ஒரு நாள் கணக்கை நம்ப முடியாதுதான். இரண்டு கிழமை கொப்பியில் எழுதிப் பார்த்தோம். நடந்த இரவுகளில் அநேகமாகக் குறைவாகவே இருந்தது. காரணம் இதுதான்: நடக்கும்போது சுருங்கி விரியும் கால் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்திலுள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் சீனி ஏறுகிற நேரத்தில் நடந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும்.

உலக சுகாதார அமைப்பு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி சொல்கிறது. மூன்று வேளையும் சாப்பிட்டுப் பத்துப் பத்து நிமிடம் கொஞ்சம் விரைவாக நடந்தாலே அதைத் தாண்டிவிடும்.

சாப்பாட்டில் பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. பிளேன்ரீயில் சீனி போடுவதில்லை, சோறு ஓர் அகப்பை குறைவு. குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். குரக்கனும் மாச்சத்துத்தான்.

தயவுசெய்து குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலினோ கிளிக்லசைட் மாதிரிக் குளிசையோ எடுக்கிறவர் நடக்கும்போது சீனி இறங்கிவிடலாம். பையில் இரண்டு டொபி இருக்கட்டும். வெறுங்காலோடு கடற்கரை மணலில் நடப்பதும் வேண்டாம். அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. சப்பாத்து வாங்குவதற்கு முன்பு ஒருநாள் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. பெருவிரலுக்குக் கீழே சிப்பித் துண்டொன்று ஏறியிருந்தது. அதோடுதான் அவ்வளவு தூரமும் நடந்து வந்திருக்கிறார்.