ஒரே அரங்கில் உட்கார வைத்தால் போதுமா?

கேள்வி: கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கிறேன். மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி, மருந்தியல், சமூகப்பணி என ஐந்து துறை மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்தும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. போன ஆண்டு வேறொருவர் நடத்தினார். பெரிய அரங்கில் குழுப்பணியின் அவசியம் பற்றி ஒரு சொற்பொழிவு, அப்புறம் குழு விவாதம். எல்லாக் குழுவிலும் மருத்துவ மாணவர் பேசினார், செவிலிய மாணவி குறிப்பெடுத்தார், என் மாணவர்கள் தலையாட்டினார்கள். சக ஆசிரியர்களோ, சொந்தப் பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் மாணவர்கள் தலையாட்டியதில் ஆச்சரியமே இல்லை. அவர்களிடம் மட்டுமே இருக்கிற தகவல் என்று அந்த விவாதத்தில் எதுவும் இல்லையே! குழுப்பணி அவசியமா என்று கேட்டால், அவசியம்தான் என்பதைத் தவிர யார் என்ன சொல்ல முடியும்? பொதுவான தலைப்பைக் கொடுத்தால், பேசிப் பழகியவர் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதற்கென்றே ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. வெவ்வேறு தொழிலுக்குப் படிப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும் என்கிறது அது. போன ஆண்டு உங்கள் கல்லூரியில் நடந்தது மூன்றாவது மட்டும், அதுவும் நாற்காலி அளவில்.

எனவே சொற்பொழிவை விட்டுவிடுங்கள். ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள், துறைக்கு ஒருவர். ஒரு நோயாளியின் கதையைக் கொடுங்கள், ஆனால் முழுக் கதையையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். உதாரணமாக, பக்கவாதம் வந்து தேறிவரும் 72 வயதுப் பெண். மருத்துவ மாணவர் கையில் இருக்கும் தாளில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது, ஸ்கேன் கவலைப்படும்படி இல்லை, டிஸ்சார்ஜ் செய்யலாம் என்றிருக்கும். பிசியோதெரபி மாணவரின் தாளில், பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறார், படியேற முடியவில்லை. செவிலிய மாணவியின் தாளில், தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, அதற்குப் பயந்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார். மருந்தியல் மாணவரின் தாளில், அவர் சாப்பிட வேண்டிய மாத்திரைகளில் எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கவே கூடாது என்ற விவரம். உங்கள் மாணவரின் தாளில், வீடு இரண்டாவது மாடியில், மகன் வெளியூரில், பகலில் துணைக்கு ஆளில்லை. கேள்வி ஒன்றுதான்: இவரை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம், அதற்கு முன் அங்கே என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

இதில் யாரும் வாய் மூடி இருக்க முடியாது, இருந்தால் விடை தப்பாகிவிடும். டிஸ்சார்ஜைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மார்புவலியோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர் என்று கதை வைத்தால் முதல் நிமிடத்திலேயே மருத்துவம் மேடையை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். வீடு திரும்புவதில்தான் எல்லாத் துறையின் பேச்சுக்கும் ஏறக்குறைய ஒரே எடை.

எடை என்று சும்மா சொல்லவில்லை. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். வளர்க்கப் பொறுப்பேற்றிருந்தவர்களே கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மருத்துவமனையில் அவளைப் பார்த்த இளம் மருத்துவர்களுக்கு, காயங்கள் தானாக வந்தவை அல்ல என்ற சந்தேகம் இருந்தது. மூத்த மருத்துவர் பார்த்துவிட்டு இது சொறி சிரங்கு என்றார். அதோடு காவல் துறையும் சமூக நலத் துறையும் பிடியைத் தளர்த்திவிட்டன. குழந்தை திரும்பவும் அதே வீட்டுக்குப் போனாள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகள் தவறவிடப்பட்டதாக லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை அறிக்கை 2003-ல் சொன்னது. மருத்துவர் சொல்லிவிட்டார் என்று சமூகப் பணியாளர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உங்கள் மாணவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தே புரிந்துகொள்வார்கள். மருத்துவ மாணவர்களும் கட்டாயம் படிக்கட்டும்.

அப்படிக் கேள்வி கேட்க ஒரு வடிவம் இருந்தால் கூச்சம் குறையும். நோயாளியின் நிலையைச் சக பணியாளரிடம் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பார் (SBAR) என்ற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, நான் கேட்பது என்று நான்கு படி. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்தது. முதல் இரண்டு படியை எல்லோரும் நன்றாகச் சொல்வார்கள். கணிப்புக்கு வரும்போது குரல் இறங்கும். "நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்ற கடைசிப் படியைப் பாதிப் பேர் முழுங்கிவிடுவார்கள். அதை மட்டும் ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். செவிலிய மாணவி சொல்ல மருத்துவ மாணவர் கேட்கட்டும். அப்புறம் மருத்துவ மாணவர் சொல்ல, உங்கள் மாணவர் கேட்கட்டும்.

குழுவை நடத்த வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் மாணவர்கள் முன்னால் கருத்து வேறுபட்டு, சண்டையில்லாமல் ஒரு முடிவுக்கு வந்து காட்டினால் அதற்கு ஈடான பாடம் வேறில்லை. பயிற்சிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், முடிந்தபின் நடந்ததை அலசிப் பேசவும் ஒதுக்குங்கள். யார் பேசவில்லை, ஏன், யாருடைய தகவல் கடைசியில் வந்தது என்பதெல்லாம் அங்கேதான் வெளிப்படும்.

எந்த ஆண்டில் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலாண்டு மாணவரிடம் பகிர்ந்துகொள்ளத் தொழில் அறிவு அதிகம் இருக்காது. கடைசி ஆண்டிலோ "மருத்துவர்கள் இப்படித்தான், சமூகப் பணியாளர்கள் அப்படித்தான்" என்ற எண்ணம் இறுகியிருக்கும். ஸ்வீடனின் லிங்கோப்பிங் பல்கலைக்கழகம் 1986-லிருந்தே படிப்பின் தொடக்கத்தில் எல்லாத் துறையினரையும் சேர்த்துக் கற்பித்தது. அதோடு நிற்காமல், 1996-ல் அங்கே ஒரு வார்டையே மாணவர் குழுக்களிடம் விட்டார்கள், மேற்பார்வையோடு. உங்களால் வார்டு திறக்க முடியாது, சரி. முடிந்தவரை, களப்பயிற்சி தொடங்கிய பிறகு வையுங்கள்.

நேரமில்லை என்கிற ஆசிரியர்களிடம் புது நேரம் கேட்காதீர்கள். நோயாளியோடு பேசும் முறை, தொழில் அறம், ரகசியம் காத்தல் எல்லாம் எப்படியும் ஐந்து துறையிலும் தனித்தனியாக நடத்தப்படுபவைதான். அந்த வகுப்புகளை இணைக்கலாமா என்று கேளுங்கள். இதனால் அற்புதம் நடக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இப்படிச் சேர்த்துக் கற்பிப்பது பற்றி 2013-ல் வெளியிட்ட தொகுப்பில் எடுத்துக்கொண்ட 15 ஆய்வுகளில் தெளிவான நல்ல பலன் தெரிந்தது 7-ல், கலவையான முடிவு 4-ல், மீதி 4-ல் மாற்றமே இல்லை. சந்தேகப்படுகிறவரிடம் இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அவர் உங்களை நம்புவார்.

கடைசியாக மதிப்பெண். மதிப்பெண் இல்லாத வகுப்புக்கு மாணவர்கள் வருவதில்லை. அதற்காகக் குழு மதிப்பெண் கொடுத்தால் ஒருவர் உழைப்பில் நால்வர் தேறுவார்கள். தனித்தனியாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: வேறு துறைக்காரர் சொன்னதைக் கேட்டு உங்கள் திட்டத்தில் எதை மாற்றினீர்கள், எதை மாற்ற மறுத்தீர்கள், ஏன்? அதைத் திருத்துவது வேறு துறை ஆசிரியராக இருக்கட்டும். மருத்துவ மாணவரின் தாள் உங்கள் மேசைக்கு வரட்டும்.