இரும்பாலை வேல்ஸில், முதலாளி லண்டனில்: கிராஷே குடும்பம் இப்படித் தொழில் நடத்தியது ஏன்?

இரும்பை உருக்குவது ஒரு வேலை, அதை விற்றுக் காசாக்குவது வேறொரு வேலை என்பதுதான் காரணம். மெர்தர் டிட்வில் ஊரிலிருந்த கவார்த்வா ஆலையைத் தொடங்கியவர்கள் வேறு ஆட்கள். அதைக் குடும்பச் சொத்தாக்கியவர் ரிச்சர்ட் கிராஷே. அவரே லண்டனில் இரும்பு வியாபாரம் செய்தவர்தான். 1794இல் மெர்தரிலிருந்து கார்டிஃப் துறைமுகம் வரை கால்வாய் திறந்தது. அப்புறம் ஆலையின் இரும்புக் கம்பிகள் படகில் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் லண்டன் கிடங்குக்கும் போயின. விலை, கடன் தவணை எல்லாம் அங்கேதான் பேசி முடிக்கப்பட்டன.

1810இல் ரிச்சர்ட் இறந்தபோது ஆலையை எட்டுப் பங்காக்கி மகன் வில்லியமுக்கு மூன்று, மருமகனுக்கு மூன்று, சகோதரி மகனுக்கு இரண்டு என எழுதிவைத்திருந்தார். ஒரே மகனுக்குப் பாதிகூட இல்லை! வில்லியம் மற்ற இருவரின் பங்குகளையும் விலைக்கு வாங்கி முழு முதலாளியானார்.

அவர் லண்டனில் இருந்து விற்பனையைப் பார்க்க, அதே பெயருள்ள மகன் மெர்தரில் உற்பத்தியைப் பார்த்தார். ஆனால் கஜானா சாவி அப்பாவிடம். சண்டையெல்லாம் கடிதத்தில்தான். 1824-25இல் மகன் ஆலைக்கு எதிரே சுமார் 30,000 பவுண்டுக்குக் கோட்டை மாதிரி வீடு கட்டியதை அப்பா கடைசிவரை ரசிக்கவில்லை. என்னைக் கேட்டால், வியாபாரியாக அவர் கோபம் நியாயம்தான்.