1955, 56, 57 செவர்லே பெல் ஏர்: எது எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் முன்பக்க கிரில்லைப் பாருங்கள். நடுவில் கட்டம் கட்டமாகச் சிறியதாக இருந்தால் 1955. காரின் முழு அகலத்துக்கும் நீண்டால் 1956. 57-க்குப் பின்பக்கமே போதும்: கூரான வால் துடுப்பு, பக்கவாட்டில் வரிவரியான அலுமினியத் தகடு. மூன்றிலும் அழகு இதுதான், சந்தேகமே இல்லை.

பெட்ரோல் மூடியும் காட்டிக்கொடுக்கும். 55-ல் இடது பக்கவாட்டில் சாதாரணக் கதவு. 56-ல் இடது பின்விளக்கே கதவாகத் திறக்கும். 57-ல் இடது துடுப்பின் குரோம் பட்டைக்குள் ஒளிந்திருக்கும்.

57-ஐ வாங்குவதானால் அந்த அலுமினியத் தகட்டை நம்பாதீர்கள். செவர்லேயின் மலிவான டூ-டென் (210) மாடலில் அந்தத் தகடு பொருத்தி பெல் ஏர் என்று விற்பதுண்டு. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலுள்ள எண்ணில் 57-க்கு முன்னால் ‘சி’ இருந்தால் பெல் ஏர், ‘பி’ என்றால் டூ-டென். அதற்கும் முன்னால் ‘வி’ இருந்தால் வி-8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். பம்பர் எஃகு என்பதால் மறுபடி குரோம் பூசுவது எளிது. பின்விளக்குக் கூடு துத்தநாக வார்ப்பு. புள்ளிபுள்ளியாக அரித்திருந்தால் ஒவ்வொரு குழியையும் சுரண்டி அடைத்த பிறகே பூச முடியும், செலவு எகிறும்.