சோறும் உலையும்

கேள்வி: புத்தகத்துக்குப் படம் போடுகிறவர்களை ஓவியர் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறார் என் மாமா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமாவிடம் அடால்ஃப் மென்செல் பெயரைச் சொல்லுங்கள். 1815-ல் பிரெஸ்லாவில் பிறந்த ஜெர்மானியர். 16 வயதில் அப்பா இறந்துவிட, பெர்லினில் அவர் நடத்திவந்த, கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சுப் பட்டறையும் குடும்பமும் இவர் தலையில் விழுந்தன. கிடைத்த வேலையையெல்லாம் வரைந்தார். அப்புறம் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் வரலாற்று நூலுக்குச் சுமார் 400 படங்கள். அவர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள். ஒரு கோடு பிசகினாலும் செதுக்குகிறவர்களை விடமாட்டார். அவரை நான் கொண்டாடுவது இந்தப் பிடிவாதத்துக்காகத்தான்.

அந்தக் கை வரைந்ததுதான் 1875-ல் முடித்த ‘இரும்பு உருட்டாலை’ ஓவியம்; பழுக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டும் ஆலை அது. அதற்காக சைலீசியாப் பகுதியில் இருந்த அப்படியோர் ஆலைக்கே போய் நூற்றுக்கும் மேல் வரைந்து வந்தார். படத்தின் நடுவில் பழுக்கக் காய்ந்த இரும்போடு மல்லுக்கட்டும் ஆட்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் வலது கீழ்மூலையைப் பாருங்கள். ஒரு தகரத் தட்டிக்குப் பின்னால், அனலுக்கு ஒதுங்கி, சிலர் அவசரமாகச் சாப்பிடுகிறார்கள். சோற்றுக்கூடை கொண்டுவந்த இளம்பெண் குனிந்தபடியே நம்மை நிமிர்ந்து பார்க்கிறாள். உலையை வரையப் போனவர் சோற்றுக்கூடையையும் விடவில்லையே! எனக்கு அவர் ஓவியர்தான், அம்மா. பெர்லின் தேசியக் கலைக்கூடத்தில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது.